பயோமார்ட்டில் இரண்டு ஃபில்டர் போட்டால் ஏன் காலி அட்டவணை வருகிறது?

கேட்டவரின் சிக்கல் இதுதான்: 17ஆம் குரோமோசோமில் இருக்கும் சில மரபணுக்களின் விவரங்களை, ஆர் நிரல் மொழியின் பயோமார்ட் பேக்கேஜ் வழியாக என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கிறார். ஒரு ஃபில்டர் (எவை வேண்டும் என்று வடிகட்டும் நிபந்தனை) என்றால் ஏதோ வருகிறது. இரண்டு போட்டால் எர்ரர், இல்லையென்றால் ஒரு வரிகூட இல்லாத அட்டவணை.

எர்ரர் வந்தால் பாதி வேலை முடிந்தது, எங்கே இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். ஃபில்டர் செல்லாது என்றால் பெயர் தவறு, அவ்வளவுதான். ஃபில்டருக்கும் அட்ரிபியூட்டுக்கும் (பதிலில் கேட்டுவாங்கும் பத்தி) தனித்தனிப் பட்டியல் உண்டு. இதில் இருக்கும் பெயர் அதில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஃபில்டர் பட்டியலை வரவழைத்து அதிலிருந்தே காப்பி செய்யுங்கள். இரண்டு போடும்போது மட்டும் எர்ரர் என்றால், மதிப்புகள் எல்லாவற்றையும் ஒரே வெக்டரில், அதாவது ஒரே மதிப்பு வரிசையில், கொட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஒரு வெக்டர், அவை எல்லாம் ஒரு லிஸ்ட்டுக்குள், அதுவும் ஃபில்டர் பெயர்களைக் கொடுத்த அதே வரிசையில். வரிசை மாறினால் சர்வர் பாவம், 17ஆம் குரோமோசோமில் டிபி53 மரபணுவைத் தேடாமல், டிபி53 என்ற குரோமோசோமில் 17 என்ற மரபணுவைத் தேடும்.

அப்படித் தேடிக் கிடைக்காவிட்டால் அது எர்ரர் தராது. காலி அட்டவணையைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். தலைவலியே இதுதான்.

ஒரு ஃபில்டருக்குள் நூறு மதிப்பு கொடுத்தால் 'இதுவோ அதுவோ' என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் ஃபில்டருக்கும் ஃபில்டருக்கும் இடையே 'இதுவும் அதுவும்'. ஆகவே ஒன்று சொதப்பினால் மொத்தமும் பூஜ்யம். நான் செய்வது: முழுப் பட்டியலையும் ஓரமாக வைத்துவிட்டு, டிபி53 ஒன்றை மட்டும் ஒரே ஃபில்டரில் கேட்பேன். வந்ததா? சரி, அடுத்த ஃபில்டரைச் சேர்ப்பேன். எந்த இடத்தில் பூஜ்யம் ஆகிறதோ அங்கே ஆள் மாட்டிக்கொள்வார்.

மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பழகிய முகங்கள்தான். யுசிஎஸ்சி (இன்னொரு மரபணுத் தரவுத் தளம்) வகைக் கோப்புகளில் 'சிஎச்ஆர்17' என்று இருக்கும், என்செம்பிளுக்கு வெறும் 17 போதும். ஜென்கோடு என்ற மரபணுப் பட்டியல் கோப்பிலிருந்து எடுத்த ஐடிகளில் புள்ளி வைத்துப் பதிப்பு எண் ஒட்டியிருக்கும். புள்ளியோடு சேர்த்து வெட்டுங்கள், அல்லது பதிப்போடு கூடிய ஐடிக்கென்றே இருக்கும் ஃபில்டரைப் போடுங்கள். ஹெர்2 என்று ஊரெல்லாம் கூப்பிடும் மரபணுவுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் இஆர்பிபி2. ஹெர்2 என்று கேட்டால் பெயர் ஃபில்டர் கையை விரிக்கும். செப்ட்9 என்ற மரபணுவின் கதை இன்னும் மோசம். எக்செல் அதைச் செப்டம்பர் 9 என்று தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லையாலேயே அந்தக் குடும்பத்துக்குச் செப்டின் என்று பெயர் மாற்றினார்கள், பழைய பட்டியல்களில் பழைய பெயர்தான் கிடக்கிறது.

இன்னொன்று, காலியாக வராது என்பதாலேயே ஆபத்தானது. தொடக்கம், முடிவு என்று இடத்தைக் கொடுத்து ஃபில்டர் செய்கிறீர்களா? 2009-இல் வந்த ஜிஆர்சிஎச்37 என்ற மனித மரபணுத்தொகுதிப் பதிப்பில் டிபி53 சுமார் 75.7 லட்சமாவது காரத்தில் (டிஎன்ஏ எழுத்தில்) தொடங்குகிறது. 2013-இல் வந்த ஜிஆர்சிஎச்38-இல் சுமார் 76.7 லட்சத்தில். பழைய எண்களைப் புதிய டேட்டாசெட்டில் கொடுத்தால் டிபி53 வராது, சிடி68 போன்ற அக்கம்பக்கத்து மரபணுக்கள் வரும். அட்டவணை நிறைந்திருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. பழைய எண்கள்தான் கையில் இருக்கின்றன என்றால், 37-க்கென்றே உள்ள என்செம்பிள் சர்வரில் கேளுங்கள்.

பட்டியல் மிகப் பெரிதாக இருந்து நேரம் கடந்து அறுந்துபோனால் துண்டு துண்டாகக் கேளுங்கள், அல்லது வேறு மிரர் (நகல்) சர்வருக்கு மாறுங்கள். அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை.

நான் பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன். பதில் வந்ததும் என் பழைய அட்டவணையின் பக்கத்தில் அப்படியே ஒட்டிவிட்டேன். பயோமார்ட் நாம் கொடுத்த வரிசையில் திருப்பித் தராது. கிடைக்காதவற்றைச் சொல்லாமல் விட்டுவிடும், ஒரு பெயருக்கு இரண்டு ஐடி இருந்தால் இரண்டு வரி தரும். என் அட்டவணையில் தற்செயலாக எண்ணிக்கை பொருந்திவிட்டது, பெயர்கள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. இரண்டு நாள் அதை வைத்துப் படம் வரைந்த பிறகு, எக்ஸ் குரோமோசோமில் இருக்கவேண்டிய ஒன்று 17-இல் நிற்பதைப் பார்த்துத்தான் விழித்தேன். இப்போது எதை ஃபில்டராகக் கொடுக்கிறேனோ அதையே அட்ரிபியூட்டாகவும் கேட்டுவாங்கி, அந்தப் பத்தியை வைத்துத்தான் இணைக்கிறேன். கொடுத்ததில் எது திரும்பி வரவில்லை என்ற பட்டியலும் அப்போதே கிடைத்துவிடுகிறது.

இவ்வளவும் பார்த்தும் காலியாகவே வந்தால், உங்கள் மதிப்புகளில் முதல் ஐந்தை மேற்கோள் குறிகளோடு அப்படியே கீழே போடுங்கள். கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரிந்துவிடும்.