ஏற்காடு இறக்கத்தில் பெடல் பஞ்சாவது

வணக்கம் நண்பரே. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது, பாதி வளைவு தாண்டியதும் ஜீப்பின் பிரேக் பெடல் பஞ்சாக அமுங்குகிறது, அடிவாரத்தில் ஆறியதும் சரியாகிறது என்கிறீர்கள். லைனிங் (சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் பட்டை) மாற்ற அவசரப்படாதீர்கள். லைனிங் சூடேறி வழுக்கினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. எனக்கு பிரேக் ஆயில் மேல்தான் சந்தேகம்.

அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துக் குமிழி கட்டும். நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழியைத்தான்.

புது ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் உருளை) தூரமான பின் சக்கரத்திலிருந்து ஏர் எடுங்கள், அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். நிப்பிளை (காற்று வெளியேறும் சக்கரத்துத் திருகை) மூடிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம், இறக்கம் முழுக்க இரண்டாவது கியரிலேயே வாருங்கள். ஆயில் மாற்றும்வரை தயவுசெய்து மலைக்கு எடுக்காதீர்கள்.