வாசகர் கேள்வி – பதில்: ஒரு பொருளுக்கு ஒரே சொல்

கேள்வி: நான் ஆங்கில இலக்கியம் பயின்றவள். கிளிநொச்சியில் இருந்தபடியே வெளிநாட்டு மென்பொருள் குழு ஒன்றின் ஆவணங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் மையப் பகுதியான கேர்னலில், வட்டு முதலிய சேமிப்புச் சாதனங்களை இயக்கும் நிரலை (சாதன இயக்கியை) எழுதுவோருக்கான கையேட்டில், ஒரே சொல் அடுத்தடுத்து வந்த இடங்களை மாற்றி நடையைச் சீராக்கினேன். பொறியியலாளர் பெரும்பாலான திருத்தங்களை ஏற்க மறுத்துவிட்டார். ‘பிளொக்’ என்பதைச் ‘செக்டர்’ என்றும், ‘எழுதும் கோரிக்கை நிறைவுற்றது’ என்பதைத் ‘தரவு வட்டில் பதிந்துவிட்டது’ என்றும், ‘இச்சார்பு உறங்கக்கூடும்’ என்பதைச் ‘சற்றுத் தாமதமாகலாம்’ என்றும் மாற்றியது அவ்வளவு பெரிய பிழையா?
– வாசகி, பரந்தன்

பதில்: மூன்றுமே பிழைகள்தாம், சகோதரி. ஆயினும் நல்ல நடையில் அக்கறை உள்ளவர்களே இவற்றைச் செய்வார்கள் என்பதால், ஒவ்வொன்றும் எங்கே தவறுகிறது என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது அளவு பற்றியது. செக்டர், பிளொக் இரண்டும் வட்டில் உள்ள தரவை எண்ணும் அலகுகள். லினக்ஸில் வட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையும் ‘பயோ’ என்னும் கட்டமைப்பில் ஏறிச் செல்கிறது. அதில் குறிக்கப்படும் செக்டர் எண், வட்டு எத்தகையதாயினும், எப்போதும் 512 பைட் அலகிலேயே எண்ணப்படும். பிளொக் என்பதோ வட்டுக்கு வட்டு மாறக்கூடியது. 4096 பைட் பிளொக் கொண்ட வட்டுகளும் உண்டு. அத்தகைய வட்டில் 1000ஆம் செக்டர் என்றால் 512,000ஆவது பைட். 1000ஆம் பிளொக் என்றால் 4,096,000ஆவது பைட். உங்கள் திருத்தத்தை நம்பி ஒருவர் இயக்கி எழுதினால், அது எட்டில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள வேறொரு கோப்பின் மேல் எழுதிவிடும். அந்த நேரத்தில் எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதுதான் இதில் மிகவும் கொடியது.

சொல்லைத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளிக் கட்டுரைகளில் நாம் பழகியிருக்கிறோம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று என்பதும் உங்கள் நினைவில் இருக்கும். ஆனால் அது சொன்ன செய்தியையே மறுபடி சொல்வதைப் பற்றியது. ஒரு பொருளை ஒரே பெயரால் அழைப்பதை அது குற்றமாகக் கொள்ளவில்லை. அதே பட்டியலில் ‘மயங்க வைத்தல்’ என்பதும் இருக்கிறது. கேர்னல் ஆவணத்தில் பெயரை மாற்றி மாற்றி எழுதினால் விளைவது அந்தக் குற்றமே.

இரண்டாவது திருத்தத்தைத்தான் நான் மிகவும் பாரதூரமானதாகக் கருதுகிறேன். ஒரு மென்பொருள் எழுதச் சொன்னதும் தரவு பெரும்பாலும் முதலில் நினைவகத்தில் உள்ள ‘பக்கத் தேக்கம்’ என்னும் தற்காலிக இடத்தில் வைக்கப்படும். அழைப்பு அங்கேயே வெற்றி என்று திரும்பிவிடும். பின்னர் பயோ வட்டுக்குப் போய் நிறைவுற்றாலும், வட்டின் உள்ளேயே இருக்கும் தற்காலிகத் தேக்கத்தில் தரவு தங்கியிருக்கக்கூடும். அதை நிலையான ஊடகத்துக்குத் தள்ளுமாறு ஃபிளஷ் கட்டளை அனுப்பிய பிறகோ, அல்லது தரவு நிலையான ஊடகத்தில் பதிந்த பின்னரே நிறைவு சொல்லுமாறு கேட்கும் எஃப்யூஏ என்ற குறியுடன் எழுதிய பிறகோதான் மின்சாரம் போனாலும் தரவு நிற்கும். இரணைமடுக் குளத்தில் துருசு (மதகு) திறந்த கணத்திலேயே கடைசி வயலில் தண்ணீர் ஏறிவிட்டதாக எவரும் கணக்கெழுதுவதில்லை அல்லவா? 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு, ‘நிறைவுற்றது’ என்பதற்கும் ‘பதிந்தது’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் தெளிவின்மை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஒரு நிகழ்வு உண்டு. எஃப்சிங்க் என்பது, ஒரு கோப்பின் தரவு நிலையாகப் பதியும்வரை காத்திருக்கச் சொல்லும் அழைப்பு. அது ஒருமுறை தோற்றால் மறுபடி அழைத்துப் பார்க்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எழுதியவர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்தனர். லினக்ஸில் அவ்வாறு மறுபடி அழைக்கும்போது, பழைய தரவு வட்டைச் சேராமலே வெற்றி என்ற விடை வரக்கூடும் என்பது 2018இல் தெரியவந்தது. 2019இல் வெளியிட்ட பதிப்புகளில், அந்த அழைப்பு தோற்றால் தரவுத்தளம் தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து மீளுமாறு மாற்றினார்கள். அந்த அழைப்பு எதை உறுதியளிக்கிறது, எதை உறுதியளிக்கவில்லை என்பது எல்லோரும் படிக்கும் இடத்தில் ஐயமின்றி எழுதப்பட்டிருந்தால், இவ்வளவு காலம் சென்றிருக்காது என்பது என் எண்ணம்.

மூன்றாவது: சார்பு என்பது ஒரு வேலைக்காக அழைக்கப்படும் நிரல் பகுதி. ‘உறங்குதல்’ இங்கே கலைச்சொல். கணினியின் மையச் செயலியை வேறொரு பணிக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருப்பதையே அது குறிக்கிறது. சுழல்பூட்டை (மற்றவை உறங்காமல் திரும்பத் திரும்பச் சோதித்தபடி காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதும், இன்டரப்ட்டை (உடனே கவனிக்குமாறு சாதனம் விடுக்கும் அழைப்பு) கையாளும்போதும் உறங்கக் கூடாது. ‘தாமதமாகலாம்’ என்று படித்த ஒருவர் அந்த இடங்களில் அச்சார்பை அழைத்தால் கணினி முழுவதும் உறைந்து போகலாம். லினக்ஸில் சார்புகளுக்கான விளக்கம் நிரலோடு சேர்ந்தே குறிப்புரையாக எழுதப்படுகிறது. எந்தச் சூழலில் அழைக்கலாம், உறங்குமா, எந்தப் பூட்டு வேண்டும் என்பவற்றைச் சொல்ல அதில் தனிப் பகுதியே உண்டு. அப்பகுதியில் கைவைக்கும் முன் நிரலைத் திறந்து பாருங்கள். விளங்காவிட்டால் எழுதியவரிடம் கேளுங்கள்.

இனி அனுப்பும்போது எழுத்துப்பிழை, வாக்கிய அமைப்புத் திருத்தங்களை ஒரு தொகுதியாகவும், பொருள் மாறக்கூடியவற்றை வேறொரு தொகுதியாகவும் பிரித்து, இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். கையேடு எந்தப் பதிப்புக்கு உரியது என்பதையும் பாருங்கள். வட்டுக்கான கோரிக்கைகளைப் பல வரிசைகளில் அனுப்பும் ‘பல வரிசை முறை’ 2014இல் கேர்னலின் 3.13ஆம் பதிப்பில் வந்தது. பழைய ஒற்றை வரிசை முறை 2019இல் 5.0ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது. அந்தப் பழைய முறையின் விளக்கம் கையேட்டில் எஞ்சியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டுவது எந்த நடைத் திருத்தத்தையும் விடப் பெரிய உதவி.

கேள்வி: பணிசெயல் முறைமை பற்றித் தமிழில் குறிப்பு எழுதும்போது செக்டர், பிளொக் போன்றவற்றுக்குத் தமிழ்ச் சொல் ஆக்க வேண்டுமா?
– மாணவர், வவுனியா

பதில்: இரண்டுக்கும் வெவ்வேறான, மயங்காத சொற்கள் கிடைத்தால் தாராளமாக ஆக்கலாம். ‘துண்டு’, ‘கூறு’, ‘பகுதி’ ஆகியவை ஒன்றுக்கொன்று மாறி வருபவை என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எதைத் தேர்ந்தாலும் முதல் பக்கத்திலேயே பைட் அளவோடு பொருளை வரையறுத்து, கடைசிப் பக்கம் வரை அதையே எழுதுங்கள்.