ஆஸ்கர் சீசனும் நம்ம காலைக் காட்சியும்: வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் நெருங்குதுல்ல, இந்தத் தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல விருதப் பத்தியும் திரைப்பட விழாவப் பத்தியும்தான். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

வருஷா வருஷம் “ஆஸ்கர் ரேஸில் தமிழ்ப் படம்”னு டிவில ஸ்க்ரோல் ஓடுது, அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. அது நிஜமா சார்?
பெரம்பூர் வாசகர்

நிஜம்தான், ஆனா நாம நினைக்கற ரேஸ் அது இல்லங்க. ஆஸ்கர் குடுக்கற அகாடமி ஒவ்வொரு வருஷமும் ‘இந்தப் படத்துக்கெல்லாம் ஓட்டு போடலாம்’னு ஒரு தகுதிப் பட்டியல் விடும், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், சிகாகோ மாதிரி அமெரிக்காவுல அவங்க குறிச்சு வெச்சிருக்கற ஆறு நகரப் பகுதியில ஏதாவது ஒண்ணுல தியேட்டர்ல தொடர்ந்து 7 நாள் ஓட்டிட்டு, ஃபார்ம் எல்லாம் நிரப்பிக் குடுத்தா பேரு அதுல ஏறிடும். 2021ல ‘சூரரைப் போற்று’ இருந்த பட்டியல்ல மொத்தம் 366 படம், அடுத்த வருஷம் ‘ஜெய் பீம்’ இருந்ததுல 276 படம். கொரோனா சமயம்கறதால ஓடிடி படங்களுக்கு தியேட்டர் ரூல கொஞ்சம் தளர்த்தியும் வெச்சிருந்தாங்க. ரெண்டும் நல்ல படம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அந்தப் பட்டியல்ங்கறது ஹால் டிக்கெட் மாதிரி, பரீட்சை அதுக்கப்புறம்தான்.

வெளிநாட்டு மொழிப் படத்துக்கான விருது வேற வழி. அதுக்கு ஒரு நாடு ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம், நம்ம நாட்டுக்கு அதத் தேர்ந்தெடுக்கறது ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. வந்ததுல 15 படத்த டிசம்பர் வாக்குல வடிகட்டுவாங்க, ஜனவரில அது அஞ்சாகும். அந்த அஞ்சுக்குள்ள இந்தியா போனது ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’, அவ்ளோதான்.

எனக்கு இதுல என்ன ஆதங்கம்னா, ஹால் டிக்கெட்டுக்கே இவ்ளோ கொண்டாட்டம் போட்டுட்டு நிஜமாவே ஜெயிச்சதப் பத்திப் பேச மறந்துடறோம். 2023ல குறும்பட ஆவணப்படப் பிரிவுல ஜெயிச்சது நம்ம முதுமலைல எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. பொம்மன், பெள்ளி, அவங்க வளர்த்த ரகுங்கற குட்டி யானை, அதுல பேசற பேச்சு தமிழ்தான். என் நண்பர்கள்ல எத்தன பேர் அத முழுசாப் பாத்திருக்கீங்கன்னு கேட்டேன், ரெண்டே பேர். சுமாரா 40 நிமிஷம்தாங்க இருக்கும்.

‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ கான்ல பரிசு வாங்கியும் நாம ஏன் அத ஆஸ்கருக்கு அனுப்பல? இப்பவும் மனசு ஆறல.
திருவான்மியூர் வாசகி

எனக்கும் ஆறலம்மா. பாயல் கபாடியா படம், மும்பைல வேலை செய்யற மலையாளி நர்ஸுங்க கதை, 2024ல கான் விழாவுல கிராண்ட் ப்ரீ, அதாவது அங்க ரெண்டாவது பெரிய பரிசு. அந்தப் போட்டிப் பிரிவுக்கே ஒரு இந்தியப் படம் போய் 30 வருஷம் ஆகியிருந்துச்சு. நம்ம கமிட்டி ‘லாபதா லேடீஸ்’ அனுப்புச்சு, அது 15க்குள்ள வரல. பிரான்ஸும் பாயல் படத்துல பங்குதாரர், அவங்க அதப் பரிசீலனைல வெச்சு கடைசில வேற படம் அனுப்பிட்டாங்க. ஆனா அதே வருஷம் இங்கிலாந்து சார்பா போன ‘சந்தோஷ்’னு ஒரு இந்திப் படம் 15க்குள்ள வந்துச்சு!

‘லாபதா லேடீஸ்’ மோசமான படம்னு நான் சொல்ல வரல, எங்க வீட்ல எல்லாரும் ரசிச்சுப் பாத்தோம். ஆனா ஓட்டு போடறவங்கள்ல பல பேர் ஏற்கனவே பாத்துப் பாராட்டிட்டு இருக்கற படத்த அனுப்பினா அதுக்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி. புதுசா ஒரு படத்த அங்க கொண்டு போய் ஊரு ஊரா ஷோ போட்டுக் காட்டறதுக்கு எவ்ளோ பணம் வேணும், எவ்ளோ ஆள் வேணும். என் கருத்து இதுதான், பாக்க வைக்க முடியற படத்த அனுப்பணும்.

தமிழ்ல இருந்து போனதுன்னு பாத்தா 1969ல ‘தெய்வ மகன்’ல ஆரம்பிச்சு ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, ‘குருதிப்புனல்’, ‘ஹே ராம்’, ‘விசாரணை’, 2021ல ‘கூழாங்கல்’ வரைக்கும் நல்ல வரிசைதான் அது. ஒரு மழைக்கால லீவுல எல்லாத்தையும் வரிசையாப் பாத்துப் பாருங்க.

ஆஸ்கர்ல ஓட்டு போடறவங்க எல்லாப் படத்தையும் பாப்பாங்களா?
அம்பத்தூர் வாசகர்

ரொம்ப நாளா அதுக்குக் கட்டாயமே இல்ல. 2026ல நடந்த 98வது விழாவுல இருந்துதான், ஒரு பிரிவுல நாமினேட் ஆன எல்லாப் படத்தையும் பாத்தாதான் அந்தப் பிரிவுல கடைசிச் சுத்து ஓட்டு போடலாம்னு ரூல் வந்திருக்கு. படிச்சப்போ சந்தோஷமா இருந்துச்சு, ஆனா இவ்ளோ வருஷம் எடுத்துக்கிட்டாங்களேன்னு கோவமும் வந்துச்சு.

சிவாஜிக்கு சிறந்த நடிகர் தேசிய விருது கிடைக்கவே இல்லைங்கறது உண்மையா?
வடபழனி வாசகர்

உண்மை. ஆனா 1960ல கெய்ரோவுல நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவுல ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’க்காக சிறந்த நடிகர் விருத அவர்தான் வாங்கினாரு, தாதா சாகேப் பால்கே விருதும் பின்னால வந்துச்சு. எங்க அப்பா கெய்ரோ விஷயத்த தன் வீட்டு ஆளே போய் வாங்கிட்டு வந்த மாதிரி சொல்வாரு.

தேசிய விருதுன்னதும் ஒண்ணு சொல்லிக்கறேன், 2023 படங்களுக்கு 2025 ஆகஸ்ட்லதான் அறிவிச்சாங்க. ‘பார்க்கிங்’ சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை விருதுலயும் அதுக்குப் பங்கு உண்டு, எம்.எஸ்.பாஸ்கருக்கு துணை நடிகர் விருது. எத்தன வருஷமா டப்பிங்லயும் சீரியல்லயும் சின்னச் சின்ன வேஷத்துலயும் உழைச்ச மனுஷன்! அந்தப் படத்துல காருக்குப் பக்கத்துல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே அவர் முறைக்கற முறைப்பு இருக்கே, வாடகை வீட்ல இருந்த எவனுக்கும் அது தெரிஞ்ச முகம். இந்த விருது அறிவிச்ச அன்னிக்கு எங்க தெருவுல நாலு பேர் நின்னு அதத்தான் பேசிட்டு இருந்தோம்.

அண்ணா, நான் காலேஜ் செகண்ட் இயர். டிசம்பர்ல நடக்கற சென்னை விழாவுக்கு முதல் தடவ வரப்போறேன், நூத்துக்கு மேல படம் போடுவாங்கன்றாங்க, எத பாக்கறது எத விடறதுன்னு தெரியல.
குரோம்பேட்டை வாசகர்

வாப்பா வா, உன்ன மாதிரி ஆளுங்க வந்தாதான் அது விழா. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003ல ஆரம்பிச்சு நடத்திட்டு வர்றாங்க. டெலிகேட் பாஸ் ஒண்ணு எடுத்துட்டா விழா முடியற வரைக்கும் அதுவே போதும், மாணவர்களுக்கு சலுகை கேட்டுப் பாரு, ஐடி கார்ட மறக்காத. தியேட்டர் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால ஷெட்யூல் வந்ததும் மொதல்ல எந்தப் படம்னு பாக்காத, எந்த இடம்னு பாரு. மெட்ரோ வேலை நடக்கற ரோட்ல அடுத்த தியேட்டருக்குப் போய்ச் சேரவே முக்கா மணி நேரம் ஆகும், அதுக்குள்ள அங்க படம் ஆரம்பிச்சிருக்கும். ஒரு நாளைக்கு ஒரே இடத்துல உக்காந்துடு.

எத பாக்கறதுன்னா, என் வழி கொஞ்சம் தலைகீழ். கான்ல, பெர்லின்ல பெரிய பரிசு வாங்கின படத்துக்குதான் எல்லாரும் முண்டியடிப்பாங்க, ஆனா அது எப்படியும் ஆறு மாசத்துல ஓடிடிலயோ மல்டிப்ளெக்ஸ்லயோ வந்துரும். ஜார்ஜியா, கஜகஸ்தான், பெரு, அந்த மாதிரி ஊர்ல இருந்து முதல் படம் எடுத்த ஒருத்தர் அனுப்பியிருப்பாரு பாரு, அது திரும்ப உன் கண்ணுல படவே படாது. நான் பென்சில்ல ஷெட்யூல்ல மூணு விதமா குறிப்பேன், கட்டாயம் பாக்கணும்கறதுக்கு வட்டம், முடிஞ்சா பாக்கலாம்கறதுக்கு கோடு, ஒண்ணுமே தெரியாத படத்துக்கு கேள்விக்குறி, தினம் ஒரு கேள்விக்குறியாவது பாத்தே ஆகணும்னு வெச்சிருக்கேன், என் மனசுல நின்ன படம் நிறைய அந்த கேள்விக்குறில இருந்து வந்ததுதான். தமிழ்ப் படப் போட்டியும் தனியா இருக்கு, அத விட்டுடாத. படம் முடிஞ்சு டைரக்டர் வெளிய வராண்டாவுல நிப்பாரு, கூச்சப்படாம போய்ப் பேசு.

ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேணாம்பா. நாலாவது படத்துல கண்ணு மட்டும்தான் திறந்திருக்கும்.

டிசம்பர் முடிஞ்சதும் விட்டுடாத, நுங்கம்பாக்கத்துல காலேஜ் ரோடு அலையன்ஸ் ஃப்ரான்சேஸ், ரட்லண்ட் கேட்ல கதே இன்ஸ்டிட்யூட், கஸ்தூரி ரங்கன் ரோட்ல ரஷ்யக் கலாச்சார மையம், இங்கெல்லாம் அப்பப்போ ஷோ போடுவாங்க, அறிவிப்பப் பாத்துக்கிட்டே இரு. காசு சேத்து வெச்சா அடுத்த வருஷம் திருவனந்தபுரம் மெயில்ல ஏறி கேரள விழாவுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வா, அங்க சீட் இல்லன்னா படில உக்காந்து பாக்கறவங்கள நீ பாக்கணும்.

எங்கம்மாவுக்கு 64 வயசு. என்கூட எல்லாப் படத்துக்கும் வர ஆசை, ஆனா இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க வராது. என்ன பண்ணலாம்?
மயிலாப்பூர் வாசகி

இந்த வாரம் என்ன ரொம்ப யோசிக்க வெச்ச கேள்வி இதுதாம்மா. பேச்சே இல்லாத படத்துல இருந்து ஆரம்பிங்க. லாட்வியா நாட்டுல இருந்து வந்த ‘ஃப்ளோ’, 2025ல சிறந்த அனிமேஷன் ஆஸ்கர் வாங்குச்சு, ஒரு வரி வசனம் கிடையாது, வெள்ளத்துல மாட்டிக்கிட்ட ஒரு பூனையும் கூட வர்ற மத்த பிராணிகளும்தான் படமே. 2015 டிசம்பர் வெள்ளத்தப் பாத்த சென்னைக்காரங்களுக்கு தண்ணி ஏறறத யாரும் மொழிபெயர்க்க வேணாம். நம்மகிட்டயே ‘பேசும் படம்’ இருக்கு, 1987, சிங்கீதம் சீனிவாசராவ், அத அம்மா அப்பவே பாத்திருப்பாங்க.

அப்புறம் வசனம் உள்ள படத்துக்கு ஒரு வழி, கிளம்பறதுக்கு முன்னாடி டீ குடிக்கறப்போ கதைய முக்கால்வாசி சொல்லிடுங்க, யாரு யாருக்கு என்ன உறவுன்னு. கூத்துக்கும் கச்சேரிக்கும் கதை தெரிஞ்சுதான போறோம், முடிவு தெரிஞ்சா ருசி போயிரும்னு நம்ம பெரியவங்க நினைச்சதே இல்ல. முகத்தப் பாக்கச் சொல்லுங்க, நீங்க படிக்கறதுல விட்டது அவங்க கண்ணுல பட்டிருக்கும்.

விழா நடத்தறவங்களுக்கு என் வேண்டுகோள், வருஷத்துக்கு ஒரு பத்து படத்துக்காவது தமிழ் சப்டைட்டில் போடுங்க. தமிழ்நாட்டுல நடக்கற விழா அது, பாக்கறதுக்கு ஆசையா வாசல்ல நிக்கறவங்கள மொழி தடுக்கக் கூடாது.

பழைய படம் ரீரிலீஸ் பண்ணிப் பண்ணி புதுப் படத்துக்கு ஸ்க்ரீன் இல்லாமப் போகுதே?
கொளத்தூர் வாசகர்

கொஞ்சம் நியாயம் இருக்கு. 2024ல ‘கில்லி’ திரும்ப வந்து பிச்சுக்கிட்டு ஓடினதுல இருந்து இது நிக்கல. ஆனா எனக்கு இன்னும் பழசா வேணும்ங்க. பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி ஓடின ‘ஹரிதாஸ்’ஸ பெரிய திரைல ஒரு தடவ பாக்கணும். 1931ல வந்த நம்ம முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ இப்ப எந்தப் பெட்டிலயும் இல்ல, ஒரு பிரதி கூட மிஞ்சல. மிஞ்சினதையாவது போடட்டும்.

எல்லாம்தான் நாலு வாரத்துல ஓடிடில வந்துருதே, விருதுப் படத்துக்கெல்லாம் எதுக்கு சார் தியேட்டருக்கு அலையணும்?
அண்ணா நகர் வாசகர்

‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரில ராட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்குச்சு, அங்க அதுதான் முதல் பரிசு. நம்ம கைக்கு வந்தது 2023 அக்டோபர்ல, நேரா ஓடிடில. வெயில்ல அந்தப் பொட்டல் காட்டுல அப்பனும் பையனும் நடக்கற நடைய நான் 32 இன்ச் டிவில பாத்தேன், நடுவுல காலிங் பெல் அடிச்சுது. அந்தப் படம் அப்படிப் பாக்கறதுக்கு எடுத்ததில்லங்க. அதே பி.எஸ்.வினோத்ராஜோட ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட்ல தியேட்டருக்கு வந்தப்போ போய்ப் பாத்தேன், ஆட்டோ என்ஜின் சத்தமும் அந்தப் பொண்ணோட மௌனமும் நெஞ்சுல வந்து இடிச்சுது.

வெள்ளி, சனி, ஞாயிறு, இந்த மூணு நாள்ல எவ்ளோ டிக்கெட் போச்சுன்னு பாத்துதான் திங்கக்கிழமை எத்தன ஷோன்னு முடிவு பண்றாங்க. பாக்கணும்னு நினைச்சா வெள்ளிக்கிழமையே போயிடுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னா அடுத்த வாரம் அது இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷோவுக்குப் போயிருந்தேன், வெளிநாட்டு விழாவுக்கெல்லாம் போய்ட்டு வந்த ஒரு சின்னப் படம், ரிலீஸாகி அஞ்சாவது நாள். மூணு டிக்கெட்தான் போயிருக்கு, அஞ்சு டிக்கெட்டாவது போனாதான் ஓட்டுவோம், பக்கத்து ஸ்க்ரீன்ல பெரிய படம் வேணா பாருங்கன்னு கவுன்ட்டர்ல சொல்லிட்டாங்க. மத்த ரெண்டு டிக்கெட் யாருதுன்னு பாத்தா ஒரு வயசான தம்பதி, மஞ்சப் பையில தண்ணி பாட்டிலோட, திருவொற்றியூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. பேரன் அந்தப் படத்துல சவுண்ட் பிரிவுல அசிஸ்டென்ட்டாம், கடைசில பேரு வரும் தாத்தா, கட்டாயம் பாத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்கான். நான் இன்னும் ரெண்டு டிக்கெட் எடுத்தேன், படம் ஓடுச்சு. முடிஞ்சு பேரு மேல ஏற ஆரம்பிக்கறதுக்குள்ள லைட்டப் போட்டு கதவத் திறந்துட்டாங்க, வெளிச்சத்துல திரை வெளுத்துப் போச்சு, பெருக்கறவங்க உள்ள வந்துட்டாங்க, அந்தம்மா எந்திரிச்சு பைக்குள்ள கையவிட்டு கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டறதுக்குள்ள சவுண்ட் பிரிவு மேல போயிருச்சு. பையன் பேர இடைவேளையிலயே கேட்டு வெச்சிருந்தேன். “இருந்துச்சும்மா, மூணாவது வரில, நான் பாத்தேன்”னு சொன்னேன்.