பாலத்தின் மேல் இரண்டு நிமிடம் நிறுத்தலாமா?

கேள்வி: ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும், புதிய ரயில் பாலத்தைப் படம் எடுக்க நிறுத்தச் சொல்லிப் பயணிகள் வற்புறுத்துகிறார்கள். நான் இருக்கையை விட்டு இறங்குவதில்லை. நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு இரண்டு நிமிடம்தான் நிற்கிறேன். இதைப் பார்க்கிங் என்று சொல்லி அபராதம் போடலாமா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: போடலாம். வண்டியைப் பூட்டிவிட்டுப் போனால்தான் குற்றம் என்ற எண்ணம் நம் ஓட்டுநர்களிடையே பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 122-இன்படி, பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ, தடையோ, தேவையற்ற இடைஞ்சலோ ஏற்படும் நிலையில் வண்டியை நிற்கவிடுவதே தவறு. ஓட்டுநர் உள்ளே இருந்தாரா, எத்தனை நிமிடம் நின்றார் என்பதெல்லாம் அந்தத் தவறைத் துடைத்துவிடாது. பிரிவு 177-இன்படி முதல் முறை 500 ரூபாய் வரையும், மறுமுறை 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

அபராதத்தை விட எனக்குக் கவலை தருவது அந்தப் பாலத்தின் அமைப்பு. 1988-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் கடலின் மேல் செல்கிறது. போக ஒரு தடம், வர ஒரு தடம், ஒதுங்க இடமில்லை. நீங்கள் நின்றால் பின்னால் வரும் பேருந்து எதிர்த்தடத்தில் ஏறித்தான் உங்களைக் கடக்க வேண்டும். சில மாதங்களுக்கு முன் நான் அந்தப் பாலத்தில் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் நின்ற காரின் வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு சிறுவன் கைப்பேசியோடு சாலையில் இறங்கினான். எங்கள் ஓட்டுநர் மிதித்த பிரேக்கில், மீன் விற்கும் அம்மா ஒருவரின் அன்னக்கூடை முன்படிக்கட்டு வரை உருண்டு போயிற்று. சிறுவன் தப்பினான். தீவிலிருந்து நோயாளியை ராமநாதபுரத்துக்கு ஏற்றிவரும் ஆம்புலன்சுக்கும் சாலைவழி அது ஒன்றுதான் என்பதை உங்கள் பயணிகளிடம் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். பாலத்தை முழுதாகக் கடந்து, சாலையை விட்டு விலகி வண்டியை நிறுத்தி, அவர்களை நடந்து வந்து பார்க்கச் சொல்வதே சரியான வழி.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் தம் வீட்டுச் சுற்றுச்சுவர் நெடுக ‘நோ பார்க்கிங்’ என்று எழுதி வைத்திருக்கிறார். அது செல்லுமா? என் வீட்டு கேட்டை மறித்து நிற்கும் வண்டியின் டயரில் நான் காற்றை இறக்கிவிடலாமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: சுவரில் எழுதியது செல்லாது. எங்கே வண்டி நிற்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை பிரிவு 117-இன்படி மாநில அரசுக்கோ, அது அதிகாரம் அளித்த அமைப்புக்கோதான் உண்டு. அதுவும் உள்ளாட்சியைக் கலந்தே செய்ய வேண்டும். ஆனால் கேட்டின் கதை வேறு. 2017-ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள், ஒரு மனையின் நுழைவாயிலை மறித்து நிறுத்துவதை நேரடியாகவே தடுக்கின்றன. அதற்குப் பலகையே வேண்டியதில்லை. நடைபாதை, பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாசல், ஏற்கெனவே நிற்கும் வண்டியின் பக்கவாட்டு ஆகியவற்றுக்கும் இதே தடைதான். பலகை இல்லாததால் அனுமதி உண்டு என்று வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காற்றை இறக்காதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் புகார் உங்கள்மீதே வரக்கூடும். வண்டி எண்ணும் கேட்டும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும், பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ, சக்கரத்தைப் பூட்டவோ பிரிவு 127-இன்படி சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துச் செல்லும் செலவு வண்டிக்காரரையே சேரும்.

கேள்வி: அரிச்சல்முனையில் வயதான பெற்றோரை ஏசி போட்டுக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு நான் கடலைப் பார்த்து வரலாமா?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் எவரேனும் இருந்தால் தவறில்லை. இல்லையென்றால், இன்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் நீங்கள் இறங்க வேண்டும் என்கிறது பிரிவு 126. வெயில் தாழ்ந்த பின் போனால் கண்ணாடிகளை இறக்கி வைத்தாலே போதும், கடற்காற்று உள்ளே வரும். சாலையோர மணலில் சக்கரத்தை முழுதாக இறக்கிவிடாதீர்கள். மேலே காய்ந்து இறுகினாற்போல் தெரிந்தாலும் அடியில் மணல் பொலபொலவென்றுதான் இருக்கும்.