ஐ.டி. கார்டோடு போகும் இன்னொரு கார்டு

கேள்வி: அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆட்குறைப்பில் என் பெயரும் வந்துவிட்டது. இந்த மாதம் 31-ம் தேதி கடைசி நாள். கம்பெனியின் குரூப் மெடிக்ளெய்மில் நான், மனைவி, மகள், 66 வயது அம்மா நான்கு பேருக்கும் சேர்த்து 4 லட்சம் கவர். எனக்கு ஆறு வருஷமாக சுகர். பாலிசி அடுத்த மார்ச் வரை இருக்கிறதே, அதுவரை ஓட்டலாமா? புதிதாக எடுத்தால் சுகரைச் சொல்லியே ஆகவேண்டுமா?

பதில்: பாலிசி மார்ச் வரை இருக்கும், ஆனால் அதில் உங்கள் பெயர் இருக்காது. வேலையை விட்டவர்களின் பெயரை நீக்கச் சொல்லி எச்.ஆர். பட்டியல் அனுப்பிவிடும். பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு குடும்பத்துக்கும் சேர்த்து கவர் நின்றுவிடும்.

இது தெரியாமல் நானே மாட்டியிருக்கிறேன். 2016-ல் ஒரு வெள்ளிக்கிழமை வேலையை விட்டேன். பன்னிரண்டாம் நாள் பித்தப்பைக் கல் வலி. அட்மிஷன் கவுண்டரில் கார்டை நீட்டினால், "மேடம், இதுல உங்க பேரே இல்லையே" என்றார் அந்தப் பெண். பில் 85,000 ரூபாய். இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

எனவே 31-ம் தேதிக்கு முன்பே எச்.ஆரிடம் மைக்ரேஷன் கேளுங்கள். குரூப்பிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறுவதுதான் அது. வெளியேறுகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகளிலேயே இந்த வழி உண்டு. எச்.ஆர். முழித்தால் பாலிசி நம்பரை வாங்கிக்கொண்டு நேரே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்கள். அவர்கள் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம். பிரீமியம் இனி உங்கள் கையிலிருந்துதான்.

இவ்வளவு வற்புறுத்துவது உங்கள் சுகருக்காகத்தான். புத்தம் புதிதாக ஒரு பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் கிளெய்மே கிடையாது. மைக்ரேஷனில் குரூப்பில் கழிந்த வருஷங்கள் கணக்கில் சேரும், ஆனால் பழைய 4 லட்சம் வரைக்கும்தான். 10 லட்சமாக உயர்த்தினால் மேலே உள்ள 6 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து.

சுகரை மறைக்கவே மறைக்காதீர்கள். "அதெல்லாம் எழுத வேணாம் சார்" என்கிற ஏஜென்ட், கிளெய்ம் நேரத்தில் ஃபோன் எடுக்க மாட்டார். பழைய மருந்துச் சீட்டு ஒன்று போதும், கிளெய்மை மறுத்து பாலிசியையும் ரத்து செய்துவிடுவார்கள்.

அம்மாவுக்குத் தனிப் பாலிசி பாருங்கள். ஒரே கவரைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியில் பெரும்பாலும் மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். அவரையும் சேர்த்தால் எல்லோருக்குமான தொகை ஏறிவிடும். அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. யாராவது 18 சதவீதம் சேர்த்த பழைய கணக்கைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

கிராஜுவிட்டி வரட்டும், பிறகு கட்டலாம் என்று தள்ளிப்போடாமல் கடைசிச் சம்பளத்திலேயே பிரீமியத்துக்கு எடுத்து வையுங்கள். கம்பெனி மெயில் முடங்கும் முன் நான்கு பேரின் இ-கார்டு, பழைய கிளெய்ம் விவரம், எந்த வருஷத்திலிருந்து கவர் இருந்தது என்பதற்கான சான்று எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். இன்றைக்கே.