பார்க்க அழகாகவும், நெரிசலில் நெடுநேரம் அணிந்தாலும் தலைவலி தராததாகவும், பாதுகாப்பாகவும் இருக்கும் ஹெல்மெட்டை பெங்களூரில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்றும் ஒரே ஹெல்மெட்டில் கிடைக்கும், ஆனால் தேடும் வரிசை முக்கியம். சான்று இல்லாதவற்றை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியவற்றில் உங்கள் தலைக்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்து, நிறத்தையும் வரைகலையையும் கடைசியாகப் பாருங்கள்.

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கக் கூடாது. ஆயினும் வெறும் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிய ஹெல்மெட்டுகள் சாலையோரங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. பின்புறம் ஐ.எஸ். 4151 என்ற ஹெல்மெட்டுக்கான தரக் குறியீட்டுடன் இருக்கும் உரிம எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்த்தால், அது உண்மையான உரிமமா, யாருடையது என்பது தெரிந்துவிடும். கூடவே ஐரோப்பிய இ.சி.இ. 22.06 சான்றும் இருந்தால் கூடுதல் சிறப்பு. சாய்வாக மோதும்போது தலை சுழல்வதையும் அந்தச் சோதனை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தாடையை மூடாத அரை ஹெல்மெட்டை, எவ்வளவு காற்றோட்டமாக இருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை தினமும் வண்டி ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: வசதி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு தலையின் வடிவத்தைப் பொறுத்தது. எனக்கு முன்பின்னாக நீண்ட தலை; என் தங்கைக்கு உருண்டையான தலை. சுற்றளவு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஹெல்மெட் என் நெற்றியை அழுத்தி வலியைக் கிளப்பிவிடும். ஆகவே புருவத்துக்குச் சற்று மேலே டேப் வைத்து அளந்த எண்ணை மட்டும் நம்பி இணையத்தில் வாங்காமல், ஜே.சி. ரோடு பக்கம் கடைகளுக்கு நேரில் சென்று, பதினைந்து நிமிடமாவது தலையில் மாட்டியபடியே இருந்து பாருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் ஆழமாகச் சிவந்திருந்தால் அந்த மாடல் உங்களுக்கு ஒத்துவராது. கன்னங்கள் இறுக்கமாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்தப் பஞ்சு சில வாரங்களில் தளர்ந்துவிடும். நெற்றியின் அழுத்தம் அவ்வளவு எளிதில் தளராது. தாடைப் பகுதியைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் கன்னத்தின் தோலும் கூடவே நகர வேண்டும். வாரைக் கட்டிய பிறகு பின்புறத்தைப் பிடித்து மேலே தள்ளினால் ஹெல்மெட் முன்னால் கழன்று வரவே கூடாது.

லொடலொடவென்று ஆடும் ஹெல்மெட் விபத்தின்போது தலையிலேயே நிற்காது என்பதால், பொருத்தம் பாதுகாப்பின் பாதி. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடர்ந்த அடுக்கு நசுங்கித்தான் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

நிறத்தில் என் விருப்பம் வெள்ளை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களோடு ஒப்பிடும்போது வெள்ளை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயமடையும் அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்புதான் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் முகத்தை மறைக்கும் கண்ணாடியான வைசரில் மட்டும் கறுப்பைத் தவிர்த்துவிடுங்கள். மழை பெய்யும் மாலையில் அதன் வழியே சாலைப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த வைசரும் நாளடைவில் கீறல் விழுந்து மங்கும், ஆகையால் அந்த மாடலுக்கு உதிரி வைசர் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.