காசிமேட்டுத் தண்டல் எந்தக் கணக்கில் வரும்?

தனியார் துறைக் கடன் பற்றி வடசென்னைக்காரர்கள் கேட்டவையும், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரின் பதில்களும்.

ராயபுரம், கல்லூரி மாணவி: சார், தனியார் துறைக் கடன் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 50 சதவீதம் என்கிறார்களே, எல்லாம் பெரிய கம்பெனிகள் வாங்கியதா?

இல்லைம்மா. அரசைத் தவிர மற்ற எல்லாரும் அதில் அடக்கம். வீட்டுக் கடன், கல்விக் கடன், வங்கியில் வைத்த நகைக் கடனும் சேர்த்திதான். உலக வங்கிக் கணக்கில் இந்தியா சுமார் 50 சதவீதம், சீனா 180-ஐத் தாண்டும்.

தண்டையார்பேட்டை, வாசகர்: அப்போ நாமும் 180-க்குப் போக வேண்டாமா?

ஏறினால் நல்லதுதான், யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்து ஏற வேண்டும். தாய்லாந்தில் 150-க்கு மேல் போயிருந்தது. நிறையப் பணம் நிலம், கட்டடத்தில் முடங்க, 1997 ஜூலையில் அந்நாட்டு நாணயமான பாட் சரிந்தது. நம் வங்கிகளிலும் 2018 மார்ச்சில் வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு பெரிய கம்பெனிகளுடையது.

காசிமேடு, மீன் விற்கும் பெண்மணி: நான் தண்டல் வாங்கித்தான் ஏலத்தில் மீன் எடுக்கிறேன். அது இதில் வருமா?

வராதும்மா. எனக்கு ஆறாத விஷயம் இது. 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்டுவீர்கள். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்துக்குக் கிட்டே வரும். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் காலையில் கடைக்காசு வேண்டுமே! அந்த நேரத்தில் எந்த வங்கி திறந்திருக்கிறது? நம் 50 சதவீதத்தில் விடுபட்டுப்போவது இந்தக் கடன்தான். அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். கணக்கு இருக்கிற கிளையில் முதலில் கேளுங்கள்.

வியாசர்பாடி, லேத் பட்டறை: 8 லட்சம் கேட்டால் வீட்டுப் பத்திரம் கொண்டுவா என்கிறார்கள், அண்ணா.

கேட்கக் கூடாது, தம்பி. குறு, சிறு தொழிலுக்கு இந்த அளவு கடனுக்குச் சொத்து அடமானம் வாங்கக் கூடாதென்பது ரிசர்வ் வங்கி விதி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறமும் பத்திரம் கேட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது.